பின்கதவுச் சங்கிலியும் உங்கள் பெயரில் இருக்கும் லைசென்ஸும்

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் நாடும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் பெயரில் லைசென்ஸ் பெற்று இரவு நேரக் கேளிக்கை விடுதி ஒன்று இயங்குகிறது. மாடியில் பாரும் நடன அரங்கும். நடத்துவது கணவரின் தம்பி. மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பதோடு இவர் வேலை முடிந்துவிடும். இரவில் அந்தப் பக்கம் போனதே இல்லை. 180 பேருக்கு அனுமதி. வார இறுதிகளில் 250-ஐத் தாண்டுகிறது என்பது பில்களைப் பார்த்தாலே தெரிகிறது. பில் கட்டாமல் சிலர் நழுவுகிறார்கள், உள்ளே இருப்பவர்கள் நண்பர்களைத் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொள்கிறார்கள் என்று பின்பக்கக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஓர் இரவு, போதையில் தகராறு செய்த இளைஞர் ஒருவரை பவுன்சர்கள் இருவர் இழுத்துவந்து தெருவில் தள்ளியிருக்கிறார்கள். விழுந்ததில் தலையில் அடி. ‘தெளிந்ததும் எழுந்து போவான்’ என்று விட்டுவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவ்வழியே வந்த யாரோதான் ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். இளைஞர் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார். குடும்பத்தார் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வாசகியின் பெயருக்கு வந்திருக்கிறது.

கொழுந்தனார் தைரியம் சொல்கிறாராம்: ‘பவுன்சர்கள் ஏஜென்சி ஆட்கள். நடந்தது தெருவில். வாசலில் சொந்தப் பொறுப்பில் நுழையவும் என்று போர்டு இருக்கிறது. அதற்கு மேல் இன்சூரன்ஸ் இருக்கிறது. சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.’ இதற்கிடையே, அந்தத் தெருவிலுள்ள விடுதிகள் சேர்ந்து தெருவையே பொதுக் கேளிக்கைப் பகுதியாக்கி, வாங்கிய பானத்தோடு மக்கள் உலவ வழிசெய்யப் போகிறார்கள். அதற்கான ஒப்பந்தமும் இவர் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. ‘நான் அங்கே போவதே இல்லையே, எனக்கு என்ன பொறுப்பு வரும்? கையெழுத்துப் போடலாமா? அந்தப் பையனைப் போய்ப் பார்க்கலாமா?’ என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த சிசிடிவி பதிவு. பெரும்பாலான பதிவுக் கருவிகள் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். உங்களிடம் நாள்கள் அல்ல, மணிகள்தான் மிச்சம் இருக்கலாம். இன்றே அந்த டிஸ்கைக் கழற்றச் சொல்லி, நகல் எடுத்து, அசலை உறையிலிட்டு உங்கள் வக்கீலிடம் ஒப்படையுங்கள். தள்ளிய காட்சி மட்டும் போதாது. அவர் நுழைந்தது, பாரில் வாங்கிக் குடித்தது, படி, வாசல், ஆம்புலன்ஸ் வரும் வரை தெரு என அந்த இரவு முழுவதும் வேண்டும். அன்றைய பில்கள், யார் யார் பணியில் இருந்தார்கள் என்ற பட்டியல், ஊழியர்களின் வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றையும் யாரும் தொடக்கூடாது.

‘தானாக அழிந்தது’ என்ற பதில் நோட்டீஸ் வருவதற்கு முன்பு எடுபட்டிருக்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு அழிய விட்டால், அதில் உங்களுக்குப் பாதகமானது இருந்தது என்று நீதிமன்றமே ஊகித்துக்கொள்ளப் பல நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. வேண்டுமென்றே அழித்ததாகத் தெரிந்தால் அது தனிக் குற்றமாகவும் ஆகலாம். அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றுமா, கவிழ்க்குமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கொழுந்தனாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அதைப் பார்த்திருந்து, அதன் பிறகே இந்த யோசனையைச் சொல்கிறார் என்றால், அதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

‘நான் போவதே இல்லை’ என்பது

கடிதத்தில் இதை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் உங்களுக்கு நிம்மதி கிடைக்கிறது என்று புரிகிறது. சட்டத்தில் இதற்கு நீங்கள் நினைக்கும் மதிப்பு இல்லை.

1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோக்கநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்தது. 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் சுழல் கதவு. நெரிசலில் அது சிக்கிக்கொண்டது. வேறு கதவுகள் சில பூட்டிக் கிடந்தன. உரிமையாளர் பார்னி வெலான்ஸ்கி அன்றிரவு அங்கே இல்லை. உடல்நலமின்றி மருத்துவமனையில் படுத்திருந்தார். ஆனாலும் அவருக்கு 12 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1944-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நெருப்பை மூட்டியது யார் என்பது அந்த வழக்கில் முக்கியமாகவே இல்லை. விருந்தாளிகளை உள்ளே அழைத்தவர் அவர்கள் வெளியேற வழி வைத்திருக்க வேண்டும், அந்த ஏற்பாடு அவர் கையில் இருந்தது, அதை அவர் செய்யவில்லை என்பதே வழக்கு.

நீங்கள் நேரில் போகாதது உண்மை. ஆனால் 180 என்ற எண்ணையும் 250 என்ற எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் நீங்கள்தான். சங்கிலி போட்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும். லைசென்ஸில் கையெழுத்திட்டவருக்கு ஆபத்து தெரிந்திருந்தது, தடுக்கும் அதிகாரமும் இருந்தது, தடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வதற்கு உங்கள் கணக்குப் புத்தகமே சாட்சியாக நிற்கும்.

கொழுந்தனார் சொல்லும் நான்கு சமாதானங்கள்

ஏஜென்சி ஆட்கள் என்பது முதலாவது. இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு. பாதுகாப்பு ஏஜென்சி அனுப்பிய வாயிற்காவலர் ஒருவர், விடுதிக்கு வெளியே வாடிக்கையாளரை ஒரே குத்தாகக் குத்தினார். மூளையில் கடுமையான பாதிப்பு. ஏஜென்சி அதற்குள் திவாலாகிவிட்டது. அவரைத் தினமும் எங்கே நில், யாரை விடு, யாரைத் தடு என்று ஏவியது விடுதி நிர்வாகம்தான், ஆகவே அவர் அந்த நேரத்துக்கு விடுதியின் ஆள்தான் என்று 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சம்பளச் சீட்டில் யார் பெயர் என்பதை விட, உத்தரவு யாரிடமிருந்து வந்தது என்பதையே நீதிபதிகள் பார்த்தார்கள். உங்கள் விடுதியில் ‘அவனைத் தூக்கி வெளியே போடு’ என்று சொன்னது யார்? பதில் கொழுந்தனார் என்றால், ஏஜென்சியின் பெயர் உங்களுக்குக் கேடயமாகாது. ஏஜென்சியையும் வழக்கில் சேர்த்துக்கொண்டு பங்கு கேட்கலாம். அது வேறு விஷயம். பவுன்சர்களுக்கு முறையான பயிற்சியும் பதிவும் இருந்ததா என்று நீங்கள் பார்த்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, நடந்தது தெருவில் என்ற வாதம். கனடா உச்ச நீதிமன்றம் 1973-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. வழக்கமாக வரும் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்து, போதை ஏறியதும் இரவில் நெடுஞ்சாலை ஓரமாக வெளியேற்றிய ஒரு ஹோட்டல். அவர் நடந்துபோகையில் கார் மோதியது. காரோட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு, குடித்தவருக்கு ஒரு பங்கு, ஹோட்டலுக்கு ஒரு பங்கு என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரை ஆபத்துக்குள் தள்ளினால், வாசற்படியோடு உங்கள் கடமை முடிவதில்லை.

இந்த இடத்தில் உங்கள் பயம் ஒன்றையும் குறைக்கிறேன். ‘அவனுக்கு மது விற்றதே குற்றமாகிவிடுமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வெளிப்படையாகத் தள்ளாடுபவருக்கோ வயது வராதவருக்கோ விற்றால், அவரால் அடிபட்ட மூன்றாம் நபர்கூட விடுதிமேல் வழக்குப் போடலாம். ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றமோ, வயதுவந்த ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்று கண்காணிக்கும் பொதுக்கடமை மதுக்கடைக்காரருக்கு இல்லை என்று 2009-ல் சொன்னது. ஆக, விற்றதைப் பற்றி உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தள்ளியதும், விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போனதும் அப்படியல்ல. எந்த நாட்டிலும் அதற்கு நல்ல பெயர் கிடையாது. தலையில் அடிபட்ட போதைக்காரரைப் பார்த்து ‘தூங்குகிறான்’ என்று நினைப்பது மருத்துவமனைகளுக்குப் பழக்கமான விபரீதம். குழறும் பேச்சு, வாந்தி, மயக்கம் எல்லாம் போதைக்கும் உண்டு, மூளை ரத்தக் கசிவுக்கும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிப்பது பவுன்சரின் வேலை அல்ல. ஆம்புலன்ஸை அழைப்பதுதான் அவர் வேலை. உங்கள் வழக்கில் அந்த அரை மணி நேரம்தான் மிகவும் கனமானது என்று எனக்குப் படுகிறது.

போர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று வணிகர் எழுதிவைத்தால் அது செல்லாது என்று பிரிட்டனில் 1977 முதலே சட்டம் இருக்கிறது. வேறு பல நாடுகளின் நீதிமன்றங்களும் இத்தகைய போர்டுகளைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. பெயின்ட் செலவு வீண்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன். பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். விலக்குகள் பின்பக்கங்களில் இருக்கும். பொதுப் பொறுப்பு பாலிசிகள் பலவற்றில் அடிதடியால் வரும் காயத்துக்கு ஈடு கிடையாது. மது விற்பனை சார்ந்த இழப்புக்குத் தனிப் பாலிசி கேட்பார்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆளேற்றியதையும், அவசர வழியைப் பூட்டியதையும் நிபந்தனை மீறல் என்று காட்டி நிறுவனம் கை விரிக்கலாம். சம்பவத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அநேகமாக இருக்கும்; ஒரு மாதமாகிவிட்டது. பாலிசியை முழுதாகப் படித்து, உங்கள் வக்கீல் வழியாக நாளைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். ‘சின்ன விஷயம், சொன்னால் பிரீமியம் ஏறும்’ என்று தள்ளிப்போட வேண்டாம்.

அந்தச் சங்கிலி

நோட்டீஸ் வந்தது தெருவில் நடந்ததற்கு. ஆனால் என்னைத் தூங்கவிடாத விஷயம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரே வரியில் வருகிறது: பின்கதவு.

2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியா நகரில் கிஸ் என்ற விடுதியில் தீப்பிடித்து 242 பேர் இறந்தார்கள். தீ என்று தெரியாத முதல் நிமிடங்களில், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து விடுதிக் காவலர்கள் கூட்டத்தை வாசலில் தடுத்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். உங்கள் கொழுந்தனார் சொல்லும் அதே காரணம். மனிதர்களை உள்ளே நிறுத்திவைப்பதில் விடுதிக்கு எப்போதும் ஒரு பண லாபம் இருக்கிறது. இந்தத் தொழிலின் ஆபத்தே அதில்தான் ஒளிந்திருக்கிறது.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலிருந்த ஸ்டேஷன் விடுதியில், மேடையில் கொளுத்திய வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றியது. ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே பெரும்பகுதி தாங்க முடியாததாகிவிட்டது. 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே அடைத்துக்கொண்டார்கள். ஆக, பின்கதவு பூட்டாமல் இருந்தால் மட்டும் போதாது. அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று உள்ளே இருப்பவர் கண்ணில் பட வேண்டும். ஊழியர் ஒருவர் அங்கே நின்று கூப்பிட வேண்டும். அந்த வழக்குகளில் ஏறக்குறைய 17.6 கோடி டாலர் நஷ்டஈடு, ஃபோம் தயாரித்தவர் தொடங்கி நகராட்சி, மாநில அரசு வரை பலரிடமிருந்து வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 180 என்ற எண்ணை நாற்காலிகளை எண்ணி எழுதுவதில்லை. தளத்தின் பரப்பு, வெளியேறும் வழிகளின் எண்ணிக்கை, அவற்றின் அகலம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இரண்டு கதவை நம்பிக் கொடுத்த எண் அது என்றால், ஒன்றில் சங்கிலி விழுந்த நிமிடமே 180 பேர்கூட அதிகம். 250 எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பில் பிரச்சினைக்கு வழியில்லாமல் இல்லை. உள்ளிருந்து குறுக்குப் பட்டையைத் தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் கிடைக்கின்றன. திறந்தால் அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். பானம் கொடுக்கும்போதே பணம் வாங்கலாம், அல்லது நுழையும்போதே கார்டைப் பதிந்துகொள்ளலாம். நுழைபவரையும் வெளியேறுபவரையும் வாசலில் கையடக்க எண்ணியால் எண்ணி, மணிக்கொரு முறை எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளை வழக்கு வந்தால் உங்களைக் காக்கக்கூடிய மலிவான காகிதம் அதுதான்.

மாடி என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாக. ஸ்டேஷன் தீவிபத்துக்கு மூன்று நாள் முன்பு, சிகாகோவில் மாடியிலிருந்த ஈ2 விடுதியில் சண்டையை விலக்க விடுதிக் காவலர்கள் மிளகு ஸ்ப்ரே அடித்தார்கள். கூட்டம் மிரண்டு படியில் சரிந்தது. 21 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். தீயே இல்லை. உங்கள் பவுன்சர்கள் ஸ்ப்ரே வைத்திருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள்.

தெரு ஒப்பந்தம்

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். திட்டமே தவறு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இப்படிப்பட்ட பகுதிகளைச் சட்டப்படி அனுமதிக்கின்றன. வட கரோலினா 2021-ல் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள்: கண்ணாடிக் கோப்பை கூடாது, 16 அவுன்ஸுக்கு மேல் கொள்ளக்கூடாது, கோப்பையில் அந்தக் கேளிக்கைப் பகுதியின் சின்னத்தோடு விற்ற கடையின் பெயரும் இருக்க வேண்டும். சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நடுத்தெருவில் ஒருவர் விழுந்துகிடக்கும்போது கடைசியாக ஊற்றியவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் கோப்பைதான் பதில் சொல்லும். உங்களிடம் வந்த வரைவில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

பொது இடத்தில் வரும் பெரிய ஆபத்து, எல்லோருடையதும் யாருடையதும் அல்லாததாகிவிடுவது. 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இத்தேவோன் பகுதியில், ஏறக்குறைய 3 மீட்டர் அகலமே உள்ள சந்தில் நெரிசலில் 159 உயிர்கள் போயின. நெரிசல் முற்றுவதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் முன்பே போலீசுக்கு முதல் எச்சரிக்கை அழைப்பு போயிருந்தது. அதிகாரப்பூர்வமான ஏற்பாட்டாளர் என்று யாரும் இல்லாத கூட்டம் அது. அதனால் கூட்டத்தைச் சமாளிக்கும் திட்டமும் யாரிடமும் இல்லை. 2024-ல் அப்பகுதிக் காவல் தலைவருக்கு 3 ஆண்டு சிறை கிடைத்தது; வட்டார நிர்வாகத் தலைவர் விடுவிக்கப்பட்டார். சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினாலே கூட்டம் ஆபத்தான கட்டத்தை நெருங்குகிறது. 7 பேரை எட்டினால் யாரும் தன் காலால் நடப்பதில்லை, அலை எங்கே தள்ளுகிறதோ அங்கே போவார்கள். அந்த நிலைக்கு வந்த பிறகு எத்தனை பவுன்சர் இருந்தும் பயனில்லை.

ஆகவே வரைவில் நான் தேடுபவை இவை. கூட்டம் எந்த அளவைத் தொட்டால் தெருமுனையில் நுழைவை நிறுத்துவது, அதைச் சொல்லும் அதிகாரம் பெயர் குறிப்பிட்ட எந்த ஒருவருக்கு, இசையை நிறுத்தச் சொன்னால் எல்லா விடுதிகளும் நிறுத்தியாக வேண்டுமா? ஆம்புலன்ஸ் நுழைய எந்தப் பாதை காலியாக இருக்கும்? தெருவுக்கென்று தனி இன்சூரன்ஸ் உண்டா? ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற சொற்கள் எங்கேயாவது இருந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மற்ற விடுதிகள் பணமில்லை என்று கை விரித்தால் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழ அந்த இரண்டு சொற்கள் போதும். பிறருடைய தவறுக்கும் நீங்கள் ஈடுசெய்வதாக எழுதியிருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

லைசென்ஸை என்ன செய்வது

பெயர் உங்களுடையது, நடத்துவது இன்னொருவர் என்ற ஏற்பாட்டையே பல லைசென்ஸ் விதிகள் அனுமதிப்பதில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. உண்மையான பொறுப்பை எடுத்துக்கொண்டு, மேலாளரை நியமித்து, வாரம் ஒரு முறையாவது இரவில் நேரில் போய்ப் பார்ப்பது ஒன்று. முறைப்படி கொழுந்தனார் பெயருக்கு மாற்றிவிட்டு விலகுவது மற்றொன்று. விலகினாலும் சென்ற மாத இரவு உங்களை விட்டு விலகாது. அது நடந்தபோது பெயர் உங்களுடையது. வழக்கு வருகிறது என்று தெரிந்த பின் சொத்துகளை அவசரமாகக் கைமாற்றினால் அதை ரத்துசெய்ய நீதிமன்றத்தால் முடியும். அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தொழில் கம்பெனியாகப் பதிவாகியிருக்கிறதா, உங்கள் தனிப்பெயரில் நடக்கிறதா என்பதை முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். தனிப்பெயர் என்றால் குடியிருக்கும் வீடுகூட நஷ்டஈட்டுக் கணக்குக்குள் வரக்கூடும்.

அந்த வக்கீல் கொழுந்தனாருடைய வக்கீலாக இருக்கக்கூடாது. குடும்பத்தில் இதைச் சொல்வது சங்கடம் என்று தெரியும். ஆனால் ‘நான் சொல்லவில்லை, அவர்தான் பூட்டினார்’ என்று நீங்களும் ‘அண்ணிக்குத் தெரிந்துதான் பூட்டினேன்’ என்று அவரும் சொல்ல வேண்டிய நாள் வரலாம். இருவருக்கும் ஒரே வக்கீல் இருந்தால் அவர் அன்று இருவரையுமே விட்டு விலக வேண்டியிருக்கும்.

அந்த இளைஞரைப் பார்க்க விரும்புகிறீர்கள். அந்த மனசு நல்லது, கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வக்கீல் மூலம் குடும்பத்தின் வக்கீலுக்குச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் போங்கள். பணக்கவரும் கையெழுத்து வாங்கும் தாளும் கூட வரக்கூடாது. ‘வழக்கு வேண்டாம்’ என்ற பேச்சும் வரக்கூடாது. மருத்துவச் செலவில் உதவ விரும்பினால் அதற்கும் வழி உண்டு. பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாமல் இடைக்காலத் தொகையாகத் தர வக்கீல்கள் இருவரும் எழுதிக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியாமல் மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, கொழுந்தனாருக்கு இன்று ஒரு மின்னஞ்சல். மூன்றே வரி போதும்: சங்கிலி இன்று மாலைக்குள் கழற்றப்பட வேண்டும், 181-வது ஆள் உள்ளே போகக்கூடாது, அன்றைய பதிவு எதையும் யாரும் அழிக்கவோ அழிய விடவோ கூடாது. மாலையில் யாரையாவது அனுப்பிக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலி அப்படியே இருந்தால், லைசென்ஸ் உங்கள் பெயரில் இருப்பதால் இன்றிரவு விடுதி திறக்காது என்று அறிவிக்கும் அதிகாரமும் உங்களுடையதுதான்.